இளைஞனுக்கு உபதேசம் வேண்டாம், ஓட்டு வேண்டும்!

ஜனவரி 25 ஆண்டுதோறும் வருகிறது. 1950இல் தேர்தல் கமிஷன் அமைந்த நாள் அது. 2011 முதல் அதைத் தேசிய வாக்காளர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். அன்றைக்குக் கல்லூரி வாசலில் கோலப் போட்டி நடக்கும். அதிகாரி கொடியசைக்க, மாணவர்கள் ஊர்வலம் போவார்கள். கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். தேர்தல் நெருங்கினால் சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் வீரரும் வந்து, "இளைஞர்களே, தவறாமல் ஓட்டுப் போடுங்கள்" என்று புத்திமதி சொல்வார்கள். தேர்தல் முடிந்ததும் கனவான்கள் கூட்டம் ஒன்று கிளம்பும். "இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுப்பேது? செல்போனைத் தேய்க்கத்தான் தெரியும்" என்று அது புலம்பும்.

நாம் கேட்கிறோம்: இந்தக் கோலமும் ஊர்வலமும் நூற்பாலை விடுதியின் இரும்புக் கேட்டைத் தாண்டி உள்ளே போனதுண்டா? செங்கல் சூளைக்குப் போனதுண்டா? கரும்பு வெட்டப் போன குடும்பத்தின் தார்ப்பாய்க் கொட்டகைக்குப் போனதுண்டா? பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மாறி மாறி நிற்கும் 19 வயதுப் பெண்ணிடம், "அம்மா, ஓட்டுப் போடும் நாளில் உனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு, சட்டம் சொல்கிறது" என்று எந்த நட்சத்திரம் வந்து சொன்னது?

சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள். உபதேசம் செய்யச் செலவில்லை. லீவு கொடுக்கத்தான் செலவு!

யாருக்குப் பொறுப்பில்லை?

2024 மக்களவைத் தேர்தலின்போது 18, 19 வயது வாக்காளர்களாக நாடு முழுவதும் பதிவானவர்கள் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர். அந்த வயதில் இந்நாட்டில் இருப்பவர்களில் இது பாதிகூட இல்லை. பாதிக்கு மேற்பட்ட வாலிபர்கள் ஜாபிதாவுக்கே வெளியே நின்றார்கள். இத்தனை பேரும் சோம்பேறிகளா? இத்தனை பேருக்கும் தேசபக்தி இல்லையா?

பதினாறு வயதிலேயே உழைப்பைக் கறந்துகொள்ளத் தெரிந்த உலகம் இது. களையெடுக்கவும் நாற்றுச் சுமக்கவும் பாவு ஓட்டவும் போதுமான வயது, ஓட்டுப் போடும்போது மட்டும் போதாமல் போய்விடுகிறது! "விவரம் தெரியாத பிள்ளைகள், யாராவது சொன்னால் கேட்டுப் போடட்டும்" என்கிறார்கள். அந்த "யாராவது" யார்? ஊர்ப் பெரியதனக்காரர், வட்டிக்கடைக்காரர், மேஸ்திரி, சாதிச் சங்கத் தலைவர்! இளைஞனுக்கு விவரம் தெரியக்கூடாது என்பதில் இவர்களுக்கு இருக்கும் அக்கறைக்குக் காரணம் நமக்குத் தெரியாததல்ல.

சும்மா வந்ததல்ல இந்த ஓட்டு

இங்கிலாந்தில் 1838இல் தொழிலாளர்கள் ஆறு கோரிக்கைகள் கொண்ட ஒரு சாசனத்தை எழுதினார்கள். வயது வந்த ஆண் ஒவ்வொருவனுக்கும் ஓட்டு, ரகசிய ஓட்டு என்பவை அதில் முக்கியமானவை. அதற்காகச் சிறை சென்றார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். நகரத் தொழிலாளரில் ஒரு பகுதிக்கு ஓட்டுக் கிடைத்தது 1867இல். விவசாயத் தொழிலாளருக்குக் கிடைத்தது 1884இல். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்குக் கிடைத்தது 1928இல். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று பீற்றிக்கொள்கிற நாட்டிலேயே இந்தக் கதி!

நம் நாட்டில் வெள்ளைக்காரன் என்ன செய்தான்? வரி கட்டுகிறவன், சொத்து உள்ளவன், படித்தவன் என்று சல்லடை போட்டுச் சலித்தான். 1937 தேர்தலில் ஓட்டுரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் மூன்று கோடிப் பேர். உழுதவனுக்கு இல்லை, நிலத்தை வைத்திருந்தவனுக்கு இருந்தது. தறியை ஓட்டியவனுக்கு இல்லை, ஆலையை வைத்திருந்தவனுக்கு இருந்தது. சுதந்திரம் வந்து, அரசியல் சட்டத்தின் 326ஆம் ஷரத்து எழுதப்பட்ட பிறகுதான் அந்தச் சல்லடை கிழிந்தது. 1951–52 முதல் பொதுத்தேர்தலில் 17 கோடியே 30 லட்சம் பேர் வாக்காளர்கள்.

அப்போதும் ஒரு கொடுமை நடந்தது. லட்சக்கணக்கான பெண்கள், பெயரைக் கேட்டபோது "இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள்" என்றுதான் பதிந்திருந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் ஜாபிதாவில் சேர்க்க முடியாது என்று ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெயர் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், பெயர் சொல்லாததாலேயே ஓட்டை இழந்தார்கள். இன்றைக்கு ஆலை விடுதியிலே பெயர் பதியாமல் இருக்கும் பெண், அந்த 28 லட்சம் பெண்களின் பேத்தி என்பதை மறக்கலாகாது.

வாலிபர்களின் ஓட்டும் அப்படித்தான். 1988 வரை 21 வயதானால்தான் ஓட்டு. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் அமலுக்கு வந்த பிறகே அது 18 ஆயிற்று. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில்தான் 18 வயது நிறைந்தவர்கள் முதன்முதலாக மக்களவைக்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டு என்ன செய்யும்?

"ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம்? எல்லோரும் ஒன்றுதான்." டீக்கடையில் கேட்கும் வேதாந்தம் இது. இதையே கொஞ்சம் சிவப்புச் சாயம் பூசி, "தேர்தல் என்பது ஏமாற்று, புறக்கணிப்பதே புரட்சி" என்று சொல்லும் வீரர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

தஞ்சைத் தரணியில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து 1940களிலே செங்கொடிச் சங்கம் போராடியது. 1952இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தல் வந்தது. 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152தான். கம்யூனிஸ்டுகள் 62 பேர் உள்ளே போனார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில், தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தை ராஜாஜி சர்க்கார் பிறப்பித்தது. நினைத்தபோது பண்ணையாளை விரட்டும் மிராசுதாரின் உரிமைக்கு அது கடிவாளம் போட்டது. வயலில் நடந்த போராட்டம் மட்டும் அதைச் செய்யவில்லை, பெட்டியில் விழுந்த ஓட்டு மட்டும் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்து செய்தன.

ஆனால் சட்டம் வந்ததோடு எல்லாம் முடிந்ததா? இல்லை. 16 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஓட்டு மட்டும் போதும் என்று சொல்கிறவனும் பொய் சொல்கிறான், ஓட்டே வேண்டாம் என்கிறவனும் பொய் சொல்கிறான் என்பதற்கு வெண்மணியைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஓட்டு ஒன்றுக்கும் உதவாத பொருள் என்றால், ஆதிக்கக்காரர்கள் அதைக் கண்டு ஏன் நடுங்குகிறார்கள்? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் முறையான தேர்தல் நடக்கவோ, ஜெயித்தவர் நாற்காலியில் நீடிக்கவோ ஆதிக்கச் சாதியினர் விடவில்லை. 2006இல்தான் அந்தத் தடை உடைந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செல்லாக் காசுக்காக எவனும் கொலை செய்யமாட்டான்!

"ஆயிரக்கணக்கில் விழும் ஓட்டில் என் ஒரு ஓட்டு எம்மாத்திரம்?" என்று கேட்கும் இளைஞனுக்குக் கணக்குச் சொல்லுவோம். 2004இல் கர்நாடகத்துச் சந்தேமரஹள்ளி சட்டசபைத் தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது ஒரே ஒரு ஓட்டு. நம் மாநிலத்தில் 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, காட்டுமன்னார்கோயிலில் 87 ஓட்டு. ஒரு நடுத்தர நூற்பாலை விடுதியில் இதைவிட அதிகம் பேர் தூங்குகிறார்கள். தேர்தல் நாளிலும் தூங்க வைக்கப்படுகிறார்கள்!

ஜாபிதாதான் முதல் போர்க்களம்

அடையாள அட்டை கையில் இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நம் இளைஞர்களில் பலர் நம்புகிறார்கள். அது தவறு. அட்டை இருந்தாலும், ஜாபிதாவில் பெயர் இல்லையேல் ஓட்டு இல்லை.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அவற்றில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி, குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனது. முகவரியில் இல்லாமல் போகிறவன் யார்? பங்களாவில் இருப்பவனா? வாடகை உயர்ந்ததால் வீடு மாறியவன், சூளைக்குப் போனவன், திருப்பூருக்குப் பஸ் ஏறியவன்தான்! படிவத்தோடு அலுவலர் வீட்டுக்கு வந்தபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். வேலைக்குப் போனதற்குத் தண்டனையா பெயர் நீக்கம்?

ஆகவே இளைஞர்கள் கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது: முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருந்தால்தான் அவ்வாண்டுப் பட்டியலில் இடம். ஜனவரி 2இல் பிறந்தவன் ஓராண்டு காத்திருந்தான். 2021இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தேதிகள் வந்துவிட்டன. 17 வயது கடந்தவுடனேயே முன்கூட்டி மனுப் போட்டு வைக்கலாம்.

இரண்டாவது: புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் படிவம் 8. ஒரு பெயரை நீக்கச் சொல்லி ஆட்சேபிக்கப் படிவம் 7. இந்த ஏழாம் நம்பரை விழிப்போடு கவனியுங்கள். உங்கள் தெருவில் யார் மேல் யார் மனுப் போடுகிறார்கள் என்று விசாரியுங்கள்.

மூன்றாவது: மனு நிராகரிக்கப்பட்டால் விதியே என்று திரும்பி வரவேண்டாம். 15 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டரிடம் அப்பீல் உண்டு. அதற்கு மேல் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் அப்பீல் உண்டு.

நான்காவது: வேட்புமனுத் தாக்கலுக்குரிய கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. தேர்தல் தேதி அறிவித்த பின் ஓடுவதில் பிரயோஜனம் குறைவு. விதைக்க வேண்டிய காலத்தில் விதைக்காதவன் அறுவடை அன்று அரிவாளோடு நின்று என்ன பயன்?

லீவு பிச்சையல்ல!

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்றொரு பிரிவு இருக்கிறது. மக்களவை, சட்டசபைத் தேர்தல் நாளில், ஓட்டுரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் விடுமுறை தரவேண்டும். சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது. தினக்கூலிக்கும் அன்றைய கூலியைக் கொடுத்தாக வேண்டும். ஆலைக்கும் உண்டு, கடைக்கும் உண்டு, கம்பெனிக்கும் உண்டு.

மீறினால் முதலாளிக்கு என்ன தண்டனை தெரியுமா, தோழர்களே? 500 ரூபாய் வரை அபராதம்! நூறு பேருடைய ஜனநாயக உரிமையைப் பறிக்க ஒரு முதலாளி கொடுக்க வேண்டிய விலை, அவர் காருக்கு ஒரு வேளைப் பெட்ரோல். அதோடு ஓர் ஓட்டையும் வைத்திருக்கிறார்கள்: தொழிலாளி வராவிட்டால் அந்த வேலையில் ஆபத்தோ கணிசமான நஷ்டமோ நேருமானால் இந்தப் பிரிவு பொருந்தாதாம். நஷ்டம் வராத நாள் என்று எந்த முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்?

விடுதியில் அடைபட்ட பெண்களின் கதை இன்னும் மோசம். ஊரில் ஓட்டு, வேலை வேறு மாவட்டத்தில். ஒரு நாள் லீவு கிடைத்தாலும் போகவும் வரவும் இரண்டு நாள். ஒப்பந்த முடிவில் வரும் மொத்தத் தொகையைக் காட்டிப் பயமுறுத்தினால், எந்தப் பெண் துணிந்து பஸ் ஏறுவாள்? வெளிமாநிலத்திலிருந்து வந்த வாலிபர்கள் நிலையும் இதுவே. இருக்கும் இடத்திலிருந்தே ஓட்டுப் போட ஓர் இயந்திரத்தைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு முன்வைத்தது. 2024 தேர்தலில் அது வரவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலைகளில் நூல் நூற்கும் இளைஞன், தன் ஊர்த் தேர்தலன்று இங்கே ஸ்பிண்டிலுக்கு முன்னால் நிற்கிறான்.

வயல் வேலைக்கு? 135பி பிரிவு வயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அங்கே சங்கம்தான் சட்டம். ஓட்டு நாளில் ஊரே நடவுக்கு இறங்குவதில்லை என்று எல்லோரும் கூடி முடிவெடுத்தால், எந்தப் பண்ணையார் தனியாக நாற்று நடுவார்?

ஒரு ரூபாய்ப் பத்துக் காசு

அடுத்தது பண மூட்டை. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, இது ஒரு "பார்முலா" என்று பெயர் வாங்கிவிட்டது. பணப் பட்டுவாடாவுக்காக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017இல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டம்.

நம் ஏழை இளைஞனை நாம் இழிவாகப் பேசமாட்டோம். வேலையில்லாதவன் முன்னால் நோட்டை நீட்டுகிறவனே முதல் குற்றவாளி. ஆனால் கணக்குப் பார்க்கச் சொல்லுவோம். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்கு 1,826 நாள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்ப் பத்துக் காசு தேறாது. ஒரு டீக்குக் காணாது! இந்தக் காசுக்கு உன் கூலி உயர்வையும் ரேஷனையும் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் ஐந்தாண்டுக்குக் குத்தகைக்கு விட்டாயே, இதைவிட மலிவாக எந்த மிராசுதாரும் குத்தகை எடுத்ததில்லையே!

பணம் கொடுத்தவன் அடுத்து என்ன சொல்கிறான்? "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்கிறான். சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்குகிறான். யார் உப்பை யார் தின்றது? உப்பளத்தில் காய்ந்தவன் தொழிலாளி, நெல்லை விளைவித்தவன் தொழிலாளி, நூலை நூற்றவன் தொழிலாளி. நம் உப்பைத் தின்று கொழுத்தவன் நமக்கே நன்றியுணர்ச்சியைப் பாடம் நடத்துகிறான்!

சாவடிக்குள்ளே

முதன்முறை போகும் பையனும் பெண்ணும் சாவடி வாசலில் தயங்குவதைப் பார்க்கிறோம். உள்ளே நடப்பதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். முதல் அலுவலர் பெயரைச் சரிபார்ப்பார். அடுத்தவர் இடக்கை ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டுத் தருவார். மூன்றாமவர் சீட்டைப் பெற்று இயந்திரத்தைத் திறந்து விடுவார். மறைப்புக்குள் போய், பிடித்த சின்னத்துக்கு நேரான நீலப் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்து விவிபேட் இயந்திரத்தில், போட்ட சின்னம் அச்சான சீட்டு ஏழு வினாடி தெரியும். பார்த்துவிட்டு வரவேண்டும். பார்க்காமல் வரக்கூடாது.

உன் ஓட்டை வேறொருவன் முன்பே போட்டுவிட்டிருந்தால் அழுதுகொண்டு திரும்பாதே. நீதான் அந்த ஆள் என்று மெய்ப்பித்து, "டெண்டர் ஓட்டு" கேள். தனிச் சீட்டில் உன் ஓட்டைப் பதிய விதி இருக்கிறது. மாலையில் நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர் எல்லோரும் ஓட்டுப் போடலாம். ஷிப்டு முடிந்து ஓடிவருபவர்கள் இதை மனதில் வையுங்கள். கண் தெரியாதவர், தளர்ந்தவர் தமக்கு வேண்டிய ஒரு துணையாளைக் கூட்டிப் போகலாம். ஆனால் ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் அன்று துணையாகலாம். ஊர் முழுக்கக் கிழவிகளுக்கெல்லாம் ஒரே பண்ணை ஏஜெண்டு "துணை" போனால், அது துணையல்ல, மோசடி!

"நீ யாருக்குப் போட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்" என்று மிரட்டுகிறவன் பொய்யன். சாவடிக்கு மொத்தம் எத்தனை விழுந்தது என்பது வெளியே தெரியும், தனியாளின் ஓட்டுத் தெரியாது. அந்த மொத்தக் கணக்கைக் காட்டித் தெருவையே மிரட்டுவதும் நடக்கத்தான் செய்கிறது. அதற்கு மருந்து ரகசியம் மட்டுமல்ல, தெருவின் ஒற்றுமை.

யாரும் பிடிக்கவில்லையா? உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 2013 முதல் "நோட்டா" பொத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள். நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலாவதாக வந்தவன் ஜெயித்தவனே. கோபத்தைக் காட்ட அது ஒரு வழி, நிலைமையை மாற்றும் வழி அதுவல்ல.

சங்கங்கள் செய்யட்டும்

இளைஞனுக்கு ஓட்டைப் புரியவைக்கும் வேலையைக் கோலப் போட்டிக்காரர்களிடம் விட்டுவிட முடியாது. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபர் சங்கமும் இதைத் தம் சொந்த வேலையாக எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் பாகப் பட்டியலை வாங்கி, தெருமுனையில் நின்று பெயர் பெயராக உரக்கப் படிக்கட்டும். விட்டுப்போன பெயரைத் தெருவே சொல்லும். 17 வயது கடந்த ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, படிவம் நிரப்பிக் கொடுக்கட்டும். ஆலைச் சங்கம் தேர்தல் தேதி அறிவித்த அன்றே 135பி பிரிவைக் காட்டி நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்கட்டும், நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பட்டும். விடுதிப் பெண்கள் ஊர் போய்த் திரும்ப லீவும் பஸ்ஸும் கேட்டுப் பெறட்டும். அட்டைப் பெட்டியும் காகிதச் சீட்டும் வைத்து மாதிரித் தேர்தல் நடத்திப் பழக்கட்டும். வாக்குக் கேட்டு வருகிறவரை இளைஞர்கள் நிறுத்தி, "குறைந்தபட்சக் கூலி என்ன? பட்டா எப்போது? பஸ் எங்கே?" என்று கேட்கட்டும். கேட்கத் தெரிந்தவனுக்குப் போடவும் தெரியும்.

எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்று இங்கே நாம் எழுதவில்லை. தன் கூலியையும் தன் நிலத்தையும் தன் மானத்தையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கப் பழகிய இளைஞன், யாருக்குப் போடுவது என்று பிறரைக் கேட்கமாட்டான். அப்படி ஓர் இளைஞர் கூட்டம் எழுந்துவிடக் கூடாதே என்பதுதான் பண மூட்டைக்காரனின் கவலை, பண்ணையாரின் கவலை, லீவு மறுக்கும் முதலாளியின் கவலை.

அவர்கள் கவலைப்படட்டும்! நாம் ஜாபிதாவைக் கையில் எடுப்போம். இந்த ஞாயிறே தொடங்குவோம்!